மணலும் சட்டம்பியும்

மேனாட்டுக் கல்வி வரலாறு ஆசிரிய கலாசாலையில் எமக்கு ஒரு பாடமாக இருந்தது. பிளேட்டோவிலே தொடங்கி, கொமேனியஸ், ரூசோ, பெஸ்தலோசி, புரோபல் எனப் பெயர்கள் அணிவகுத்து வரும். பரீட்சையோடு அவற்றுட் பல மறந்துபோயின. மறவாது நின்றது ஒரு பகுதியே. அதிலே தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தனர்.

ஸ்கொத்லாந்திலே சென் அன்றூஸ் என்னும் ஊரிற் பிறந்த அன்றூ பெல் என்ற பாதிரியார் 1787ஆம் ஆண்டில் இந்தியா வந்து, 1789இல் சென்னப்பட்டினத்து எழும்பூரில் ஆங்கிலப் படைவீரரின் அநாதைப் புதல்வர்க்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியரின் திறமை அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒருநாள் குதிரைமீது செல்கையில், பள்ளியொன்றிலே சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிப் பயில்வதைக் கண்டார். அதனை 'மலபார்'ப் பள்ளி என்றே குறித்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை வழங்கிய பெயர் அது. எம்பெயர் அவ்வரலாற்றில் மறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும். தம் ஆசிரியரையும் அவ்வாறு கற்பிக்குமாறு பணித்தார். அவர்கள் இயலாது என்றனர். பெல் தளரவில்லை, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். பெரியோர் இயலாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

மூத்த மாணவன் இளையோர்க்குப் பாடஞ் சொல்லுதல் எமது திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. தமிழகத்தார் அவனைச் சட்டாம்பிள்ளை என்பர். யாழ்ப்பாணத்திலோ அச்சொல் உயர்வு பெற்று ஆசிரியரையே குறிப்பதாயிற்று. என் பேரனாரை ஊரார் சட்டம்பியார் என்றே அழைத்தனர்.

பெல் தாயகம் திரும்பி 1797இல் தம் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் யோசேப்பு லங்காஸ்ரர் இலண்டனிற் பள்ளி தொடங்கிச் சட்டம்பி முறையைப் பெருக்கினார். 1811இல் திருச்சபையினர் தேசியச் சங்கம் நிறுவி 'மதராஸ் முறை'யை நாடெங்கும் பரப்பினர். ஆலைகள் பெருகிய காலம் அது. ஏழைப் பிள்ளைகளோ பல்லாயிரவர். ஓராசிரியர், சில சட்டம்பிகள், மணற்றட்டு. நூற்றுக்கணக்கானோர்க்கு எழுத்தறிவிக்க இவை போதும் என்றால் யார்தான் விரும்பார்?

மேடைகளிலே சிலர், "எல்லாம் எம்மிடமிருந்து போனவையே" என முழங்கும்போது யான் கைதட்டுவதில்லை. போனது பாதியே. திண்ணையிலே சட்டம்பிக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்த ஆசிரியர் இருந்தார். இலண்டன் மண்டபத்திலோ சொல்லிக்கொடுத்ததையே சட்டம்பி திருப்பிச் சொன்னான். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு விடையிறுக்க அவனால் இயலவில்லை. ஆயினும் நடுநிலையோடு நோக்கின், எம் திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏறியிருக்க முடிந்ததா என்ற வினாவும் உண்டு. மலிவுக் கல்வியேயாயினும் அது ஏழையின் பிள்ளையை உள்ளே அழைத்தது.

அக்குறையை உணர்ந்தே 1846இல் கே சட்டில்வேர்த் என்பார் புதிய ஒழுங்கொன்று வகுத்தார். பதின்மூன்று வயதுக்குமேற்பட்ட மாணவர் ஐந்தாண்டு ஓர் ஆசிரியரிடம் தொழில் பயின்று, பின் பயிற்சிக் கல்லூரி புகுந்து, சான்றிதழ் பெறலாயினர். என் பெட்டியிற் கிடக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுக்கு அதுவே மூதாதை எனலாம்.

பெல் 1832இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த சென் அன்றூஸ் பாடசாலைக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்பதே பெயர். எடின்பரோவிலும் சென் அன்றூசிலும் 1876இல் கல்விப் பேராசிரியர் பதவிகள் தோன்றியதும் அப்பணத்தாலேயே.

யானும் ஒரு சட்டம்பியாகவே தொடங்கினேன். போர்க்காலத்திலே, உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, ஆசிரியரில்லாத வகுப்புகளுக்குத் தொண்டராசிரியனாகச் சென்றோருள் யானும் ஒருவன். சம்பளமுமில்லை, பயிற்சியுமில்லை. தொகைநிலைத் தொடரைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வினாவினால், மாலையிற் சைக்கிளேறி என் பழைய தமிழாசிரியரிடம் ஓடுவேன். அவர் குப்பிவிளக்கொளியில் விளக்குவார். மறுநாட் காலை வகுப்பில் அவ்விளக்கம் என்னுடையதாகிவிடும்! அவர் அங்கே இருந்தபடியாலன்றோ யான் இங்கே நின்றேன்.

இன்று என் வகுப்பில் நாற்பதின்மர் உளர். புணர்ச்சி விதி விளங்கிய பிள்ளையை விளங்காத பிள்ளையருகே இருத்துகின்றேன். இருவருக்கும் பின்னாலே ஒரு கதிரையிட்டு யானும் அமர்ந்துகொள்கின்றேன்.