நல்ல தண்ணிக்கு ஒரு மனு

நொய்யல் ஆற்று வழக்கு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 ஜனவரி உத்தரவுதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஊருக்காக நான் நடத்திய வழக்கு எந்தச் சட்ட இதழிலும் வரவில்லை. பட்டறையை மூடுங்கள் என்று அதில் நாங்கள் கேட்கவே இல்லை.

பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கி, கசிந்து, சுற்று வட்டாரக் கிணறுகளில் இறங்கிவிட்டது. விவசாயிகள் சங்கத்தின் பெரிய வழக்கு ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் இருந்தது. என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். "அதிலேயே சேர்ந்துக்கலாமே, அம்மா" என்றேன்.

"பட்டறைய மூடிப்போட்டா எங்க கெணறு அடுத்த நாளே நல்லாயிருமுங்களா, வக்கீலய்யா? பருப்பு வேகறதுக்கு இன்னிக்கே தண்ணி வேணுமுங்க."

அந்தக் கேள்விதான் மனுவின் கோரிக்கையாயிற்று. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என் கையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. எடுத்தால் எந்தப் பட்டறை, எவ்வளவு கழிவு என்று கேள்வி கிளம்பும். பிறகு நிபுணர் குழு, ஆட்சேபணை, வாய்தா. ரிட் மனுவில் அரசுத் தரப்பை மட்டும் எதிர்மனுதாரராக்கி, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று நிறுத்திக்கொண்டோம்.

ஆனாலும் பட்டறைத் தரப்பு தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. அவர்களுடைய வக்கீல் ஒரு கண்ணாடிப் பாட்டிலை நீதிபதி முன் உயர்த்திக் காட்டினார். சுத்திகரித்த நீர், மினரல் வாட்டர் போலப் பளிச்சென்று இருந்தது. "இதில் சாயம் எங்கே, மை லார்ட்?" என்றார். எங்கள் சிக்கல் சாயமே இல்லை. துணியில் சாயம் பிடிக்க உப்பை ஏராளமாகக் கொட்டுவார்கள். அன்றைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஊர்க் கிணறு அதையும் தாண்டியிருந்தது. ஆய்வக அறிக்கையை நீட்டினேன். பாட்டில் மேசைக்கடியில் போனது.

மாசில்லாத நீர் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்பதற்கு, எல்லோரையும் போல நானும் 1991-ஆம் ஆண்டு சுபாஷ் குமார் தீர்ப்பைக் காட்டினேன். அந்த வழக்கில் மனுதாரர் தோற்றுப்போனார், சொந்தப் பகைக்காகப் போட்ட மனு என்று தள்ளுபடியானது என்பதை எதிர்த்தரப்பு மறக்காமல் எடுத்துச் சொன்னது. உண்மைதான். நாட்டில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சுற்றுச்சூழல் தீர்ப்புகளில் ஒன்று, தோற்றவருடையது.

அரசுத் தரப்பின் பதில் மனுவில் நிதி இல்லை, திட்டம் பரிசீலனையில் இருக்கிறது என்று இருந்தது. இதற்காகவே 1980-ஆம் ஆண்டு ரத்லம் நகராட்சி வழக்கை வைத்திருந்தேன். பணமில்லை என்று சொல்லி உள்ளாட்சி அமைப்பு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. நீதிபதி அதை வாங்கி, வாசித்தார். அரசு வக்கீலைப் பார்த்து, "லாரிக்குக்கூடவா பணமில்லை?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே இடைக்கால உத்தரவு கிடைத்தது. உடனடியாக லாரித் தண்ணீர். பிறகு பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து ஒரு கிளைக் குழாய். யார் கெடுத்தார்கள் என்பதைப் பற்றி உத்தரவில் ஒரு வரி கிடையாது. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

லாரி வந்தது. குழாய் வரவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டு, சம்பந்தப்பட்ட அதிகாரி நேரில் ஆஜராக வேண்டும் என்று நோட்டீஸ் போன பிறகுதான் ஊருக்குள் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது அந்த ஊரில் குழாயில் நல்ல தண்ணி வந்துகொண்டிருந்தது. கிணறு உப்பாகவேதான் இருந்தது. கருகிய தென்னைக்கு நஷ்டஈடு கேட்டு ஊர் ஆண்கள் போட்டிருந்த மனு அப்போதும் வாய்தாவில் கிடந்தது.