சுவரும் மருமகனும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதியவன் நான். கிரிக்கெட், உதைபந்தாட்டம், எல்லே எனப் பலவற்றைப் பற்றி எழுதியிருந்தாலும் லக்றோஸ் விளையாட்டை நேரிற் கண்டது 2018 ஆம் ஆண்டுக் கோடையிலேதான். ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கை வீட்டில் அப்போது ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகனுக்கு 11 வயது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் ஆடிவந்த விளையாட்டு இது. 1994 இல் கனடாவின் தேசியக் கோடைகால விளையாட்டாகச் சட்டபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டது. பனிக்கட்டி அகற்றப்பட்ட ஹொக்கி அரங்கினுள், பந்துக் காப்பாளர் உட்பட அணிக்கு அறுவராக ஆடும் 'பெட்டி லக்றோஸ்' வகையையே மருமகன் ஆடினான். நுனியில் வலை கட்டிய மட்டையால் கனத்த றப்பர் பந்தைப் பிடித்து, சுமந்து, எறிய வேண்டும்.

நான் சென்ற வாரத்திலேயே அவன் என்னிடம் வந்தான். "மாமா, நான் இனி விளையாடப் போகேல்லை. ஒருத்தரும் எனக்குப் பந்து தாறேல்லை."

காரணம் எளிது. வரும் பந்தை அவன் மட்டையால் அறைந்தான்; அது வலையில் நில்லாது தெறித்தது. "முட்டையொன்றை ஏந்துவதாக நினை. பந்து வரும்போது மட்டையைச் சற்றுப் பின்னே இழு" என்றார் பயிற்றுநர். மேலும், நாள்தோறும் சுவரில் எறிந்து பிடிக்கும்படி பணித்தார்.

வலது கையால் ஐம்பது, இடது கையால் ஐம்பது. எண்ணுவது என் வேலை. முதல் நாள் இடது கையால் நான்கைத்தான் பிடித்தான். பந்து விழுந்தபோதெல்லாம் முழங்காலை மடித்து, பின்கையைத் தாழ்த்தி, ஓடியபடியே அதை அள்ளப் பழகினான். ஓடும்போது பந்து வலையிலிருந்து விழாதிருக்க மணிக்கட்டைச் சுழற்றுவதற்குத் தொட்டிலாட்டுதல் என்றே பெயர். மூன்றாம் வாரத்தில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது.

அதன்பின் வேறொரு சிக்கல் முளைத்தது. பந்து கையில் நிற்கத் தொடங்கியதும் அவன் அதை எவருக்கும் கொடுக்கவில்லை! பயிற்றுநர் கண்டிக்கவில்லை. இருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தி ஆடச் செய்தார். தடுப்பவன் தன்னை நோக்கி வரும்வரை பந்தோடு ஓட வேண்டும். வந்ததும் தனித்து நிற்கும் தோழனுக்கு எறிந்துவிட வேண்டும். முந்தி எறிந்தால் தடுப்பவன் தோழனிடம் திரும்பிவிடுவான். பிந்தினால் பந்து பறிபோகும்.

அடுத்து மறித்து நிற்றலைக் கற்பித்தார். தோழனைத் துரத்திவரும் எதிரணி வீரனின் பாதையில் அசையாமல் நிற்பதுதான் அது. அசைந்தால் தவறு. நிற்பவன் பந்தைத் தொடுவதேயில்லை. கோல் அடித்தோர் பட்டியலில் அவன் பெயர் வராது.

அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எத்தனையோ போட்டிகளைப் பற்றி எழுதிய நான் கோல் அடித்தவனின் பெயரைத் தவிர வேறெதைப் பதிவு செய்தேன்? ஒப்புநோக்குநர் இல்லாமல் ஒருநாளும் பத்திரிகை வெளிவராது என்பதை அறிந்திருந்தும் அப்படித்தான் எழுதினேன்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் ஒரு போட்டி. இறுதிப் பகுதியில் மருமகன் எதிரணி வீரனொருவனின் வழியில் அசையாது நின்றான். மோதியவன் தோள்பட்டையில் இடித்தும் விலகவில்லை. அவனைச் சுற்றி ஓடிய தோழன் கோல் அடித்தான். அரங்கிலிருந்தோர் அந்தத் தோழனின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஆயினும் எங்கள் அணி தோற்றது.

காரில் ஏறியதும், "கண்டனீங்களோ மாமா?" என்று கேட்டான்.

"கண்டனான்" என்றேன்.

அடுத்த கோடையிலும் விளையாடப் போவதாகத் தாயிடம் அவனே சொன்னான்.