ரெண்டாம் பாகம்

"இது ஒரு படமாட்டி? துட்டையும் குடுத்துத் தலைவலியையும் வாங்கிட்டு வந்திருக்கோம்."

தூத்துக்குடியில் 'சாமி ஸ்கொயர்' பார்த்துவிட்டுப் புதியம்புத்தூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எங்கள் மதினி சொன்னது இது. 2018 செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரைத் தெரியாத தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். சுற்றிக் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் சோளமும்; பெய்யாவிட்டால் வெறுங்காடு. காடு கைவிட்ட சனத்தையெல்லாம் தையல் மிஷின்தான் இழுத்துப் போட்டுக்கொண்டது. நைட்டி, உள்பாவாடை, சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் என்று வீட்டுக்கு வீடு கடகட சத்தம். பீஸ் கணக்குக்குக் கூலி. தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் அரைநாளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஏழு பெண்கள் கிளம்பினோம். துணைக்குச் சித்தி மகன். அரைநாள் கூலியும் போய், டிக்கெட் காசும் போய், இடைவேளையில் வாங்கிய பாப்கார்ன் காசும் போய் நிற்கிறோம். மதினிக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "மொதப் படம் வந்து பதினஞ்சு வருசம். அதுக்கப்புறம் பெறந்த பிள்ளை இப்ப ஐ.பி.எஸ். எம் பிள்ளை பதினஞ்சு வயசுல பத்தாப்பு தாண்ட முடியாம முழிக்கான்" என்றது ஓவர்லாக் அடிக்கிற சித்தி. "பொண்டாட்டி மூஞ்சியவே மாத்திப்புட்டான், நமக்கு அடையாளம் தெரியாதுன்னு நினைச்சிட்டானோ?" என்றாள் காஜா எடுக்கிற பிள்ளை. முதல் படத்தில் த்ரிஷா, இதில் ஐஸ்வர்யா ராஜேஷ். பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி மகனுக்குப் படம் பிடித்திருந்தது. உள்ளே விசிலடித்தவன் வெளியே வந்து இவர்களோடு மல்லுக்கு நின்றான். அப்போது அவன் போலீஸ் தேர்வுக்காக விடிகாலையில் எழுந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவன். "நல்ல போலீசுன்னு ஒருத்தன் வேண்டாமாக்கா?" என்று என்னைத்தான் கேட்டான்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். சும்மா இருப்பேனா? வெற்றி பெற்ற படத்தின் பேரைத் திரும்ப விற்கிற வியாபாரத்தைப் பற்றி, கதாநாயக வழிபாட்டைப் பற்றி பஸ் வரும்வரை விளக்கினேன். ஹரி இயக்கிய 'சிங்கம்' 2010இல் வந்தது, ரெண்டாம் பாகம் 2013இல், மூன்றாவது 2017இல் என்று வருசக் கணக்கெல்லாம் சொன்னேன். அந்தத் துரைசிங்கம் எங்கள் மாவட்டத்து நல்லூர்க்காரன். ரெண்டாம் பாகம் நடக்கிறதே தூத்துக்குடியில்தான். மதினி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ படிச்சவ, வியாக்கியானம் சொல்லுவ. எங்களுக்கு நல்லால்லன்னா நல்லால்ல." எனக்குச் சுருக்கென்றது. இதையெல்லாம் விமர்சனம் என்று நாம் எண்ணுவது கிடையாது. பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினால் விமர்சனம். பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னால் வாய்க்கொழுப்பு.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரியம்மா வாயைத் திறந்தது. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னது: "நாலு மாசம்தான ஆவுது. இந்த ஊர்ல வச்சே போலீசு பறந்து பறந்து அடிக்கதைக் காட்டுதான். நம்மளும் காசு குடுத்துப் பாக்கோம்."

பஸ்ஸில் யாரும் அதற்குமேல் பேசவில்லை. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன சனத்தைச் சுட்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. மதினியின் அக்கா வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே கிடந்தாள். என்ன ஏது என்று கேட்கவும் வழியில்லை. இன்டர்நெட்டை மூன்று மாவட்டங்களில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, 2022இல் சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கையில் 17 போலீசார்மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அதெல்லாம் பின்னால். அந்தச் செப்டம்பரில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செத்தவர்களின் முகங்கள் போட்ட போஸ்டர்தான். மூன்று மணிநேரம் உள்ளே உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் அதை நினைத்திருக்கிறார்கள். ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. "பிள்ளைக்கு வயசு சரியில்ல, பொண்டாட்டி மூஞ்சி சரியில்ல" என்று வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் படத்தை எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. 'சாமி' 2003 மே மாதம் வந்தது. அந்த வருசம் எங்கள் தெருவில் அம்மன் கொடைக்கு வி.சி.டி. வாடகைக்கு எடுத்துத் தெரு நடுவில் டி.வி. வைத்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் பீர் ஊற்றித் தின்கிற போலீஸ்காரனைப் பார்த்து உருண்டு சிரித்தோம். பெருமாள் பிச்சையை அவன் எதிர்த்து நிற்கும் இடத்தில் நானும் எழுந்து கைதட்டினேன். கதை நடக்கிற ஊர் திருநெல்வேலி. அதே திருநெல்வேலியில் அதற்கு நாலே வருசத்துக்கு முன்னால், 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். அதில் பெண்ணும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பெரியவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்தும் கைதட்டினேன். இது எப்படி என்று வெகுநாள் எனக்கே விளங்கவில்லை. எம்.ஏ.வில் படித்த கோட்பாடு எதுவும் உதவவில்லை.

விளக்கியது பெரியம்மாதான். அதற்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. கொரோனாக் காலம், தியேட்டருக்குப் போக முடியாதவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். அந்த வருசக் கடைசியில் நாங்கள் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் புரொஜக்டர் வைத்துத் திரையிட்டோம். படம் முடிந்ததும் விமர்சனக் கூட்டம். நான் முக்கால் மணிநேரம் பேசினேன். பொடியங்குளம் என்ற பேருக்குப் பின்னால் கொடியங்குளம் இருக்கிறது என்று, எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோருக்கும் சொன்னேன். 1995 ஆகஸ்ட் 31இல் 600 போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து டி.வி., ஃபேன், டிராக்டர், தானியம் எல்லாவற்றையும் நாசம் செய்ததை, பாஸ்போர்ட்டையும் படித்து வாங்கிய சர்டிபிகேட்டுகளையும் எரித்ததை, குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கலந்ததைச் சொன்னேன். படத்தில் முதலில் 1997 என்று போட்டதும், உதயநிதி ஸ்டாலின் அது 1995 ஆட்சியில் நடந்தது என்று சுட்டிக்காட்டியதும், பிறகு '90களின் பிற்பகுதி என்று மாற்றியதும் ஒரு பெரிய அரசியல் என்று விளக்கினேன்.

பெரியம்மாவுக்குக் கொடியங்குளத்தில் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னது.

"தொண்ணூத்தஞ்சோ ஏழோ, அது கச்சிக்காரவுக பிரச்சினை. ஆவணி மாசம்னு போட்டா எங்களுக்குப் போதும். படம் நல்லாருக்கு. ஆனா கடைசில ஆடுதாவ பாரு, அது பொய். அன்னைக்கப்புறம் எவன் ஆடுனான்? தையல் மிஷின ஒடச்சாவள்ல, அத மொதல்ல சொல்லு நீ. டி.வி.ய ஒடச்சா பொறாமைன்னு வச்சிக்கலாம். மிஷின் என்னட்டி தப்புப் பண்ணுச்சி?"

என் பட்டியலில் தையல் மிஷின் விட்டுப்போயிருந்தது. படித்த அறிக்கைகளில் இருந்தது, வாசித்தும் இருக்கிறேன். மிஷின் கட்டையில் இருபது வருசம் உட்கார்ந்த ஒருத்திக்குத்தான் அது முதலில் வந்தது. கூட்டத்தில் ஒரு இளைஞர், வெளியூரிலிருந்து வந்த தோழர், "கலைக்கு நம்பிக்கை தேவையில்லையா அம்மா? அந்த ஆட்டம் ஒரு கனவு" என்றார். "கனவுன்னு எழுதிக் காட்டட்டும்" என்றது பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்றுவரைக்கும் அந்த முடிவு பிடிக்கும். பெரியம்மாவோடு அதில் நான் உடன்படவில்லை. ஆனால் 'கர்ணன்' குறித்து நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வேட்டியை மடித்துக்கொண்டிருக்கும்போது பழைய 'சாமி'யைப் பற்றிக் கேட்டேன். அதை மட்டும் ஏன் பெரியம்மா ரசித்தோம்?

"அதுல அவன் நம்மள அடிக்கலல்லா. பெருமாள் பிச்சைய அடிச்சான். நம்மளால அடிக்க முடியாதவனை. அதுக்கு முன்னால அவங்கிட்டயே துட்டும் வாங்குதான் பாரு, அதான் நிச போலீசு மாதிரி இருந்துச்சி, நம்பிட்டோம். ரெண்டாவது படத்துல துட்டும் வாங்கல, மனுசனாட்டமும் இல்ல. எவன் நம்புவான்?"

இதற்குமேல் நான் என்ன ஆராய்ச்சி செய்ய? பெருமாள் பிச்சைகளை எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும், கைகட்டி நிற்கும். அந்த ஜீப்பிலிருந்து இறங்கி ஒருவன் அவர்களை அடிக்க மாட்டானா என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது. கடைசியில் அவன் பெருமாள் பிச்சையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொன்று எரித்துவிட்டு, ஆள் ஓடிப்போய்விட்டான் என்று ஊரை நம்ப வைக்கிறான். கோர்ட்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம் என்கிற கதைக்கு நாங்கள் கைதட்டினோம். பெருமாள் பிச்சைக்கு நியாயமாகப்பட்ட அதே வேலை எங்கள் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்று யோசிக்கவில்லை. ரெண்டாம் பாகம் கெட்டுப்போன படம்தான். ஆனால் கெடுதல் ரெண்டாம் பாகத்தில் தொடங்கியது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

இயக்குநருக்கே அது உறைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீசாரால் அடிக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்துச் செத்தார்கள். செல்போன் கடையை அடைக்க நேரமானது என்பதுதான் வழக்கு. அப்போது ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். சினிமாக்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. அதை நான் மதிக்கிறேன். மிஷின் செட்டில் இந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். ஓவர்லாக் சித்தி, "சொன்னாம்லா, அதே பெரிசு" என்றது. மதினி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "டிக்கெட் காசு?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பில் ரெண்டு மிஷின் நின்றுபோனது. கொடியங்குளத்துக்கும் தாமிரபரணிக்கும் வராத வேதனை சாத்தான்குளத்துக்கு வந்ததே என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அடிபட்டுச் செத்தவர்கள் முன்னால் சாதிக்கணக்குப் பார்க்கக் கூடாது என்று அதை அப்போது விழுங்கிக்கொண்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

ரெண்டாம் பாகங்கள் நிற்கவில்லை. 1996இல் வந்த 'இந்தியன்' படத்துக்கு 28 வருசம் கழித்து, 2024 ஜூலையில் ரெண்டாம் பாகம் வந்தது. எங்கள் மிஷின் செட்டில் ஒரே ஆள்தான் போய்ப் பார்த்தார், கட்டிங் மாஸ்டர். "தாத்தாவுக்கு ஓய்வு குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டார். அதோடு அது முடிந்தது.

சித்தி மகன் தேர்வில் பாசாகிப் போலீசாகிவிட்டான். எங்கள் தெருவுக்கு அது சின்ன விஷயமில்லை. அவன் யூனிஃபார்மோடு முதன்முதலாக வந்து நின்ற அன்று சித்தி மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தது. காக்கியைக் கண்டு கதவைச் சாத்தின தெரு, அன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தது. நானும் பார்த்தேன், சந்தோசமாகத்தான் இருந்தது.

போன பொங்கல் கழிந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். பாயில் படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தவன், 'சாமி ஸ்கொயர்' ஓடவும் சேனலை மாற்றினான்.

"ஒனக்குப் பிடிச்ச படந்தானலே, ஏன் மாத்துத?" என்றது பெரியம்மா.

"ரெண்டு நாள் லீவுக்கு நாலு பேர்ட்ட கெஞ்சி நிக்கணும் பெரியம்மா. அத எவன் படமா எடுக்கான்? சும்மா பறந்து பறந்து அடிக்கான்."

நாங்கள் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது: "நீ யாரையும் அடிச்சிருக்கியாலே?"

அவன் டி.வி.யையே பார்த்தான். அதில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "எம்மா, சோறு ஆச்சா?" என்றான்.