வாடின புல்லும் வற்றின கிணறும்



நகரத்தில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் குடியிருந்த நாட்களில் எனக்குள் ஒரு வாஞ்சை இருந்தது. என்றாவது ஒருநாள் சொந்த வீடு அமையுமானால், அதன் முன்னே பசும்புல் தரை ஒன்று வேண்டும் என்பதே அது. சிமெண்டுத் தரையையே பார்த்து வாழும் உங்களில் அநேகருக்கும் இந்த ஆசை உண்டு என்பதை அறிவேன்.

2015-ஆம் ஆண்டு, திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலையின் அடிவாரத்திலுள்ள வித்துராவில் சிறியதொரு வீட்டைக் கட்டி முடித்தோம். முற்றத்தில் இரண்டு சென்ட் பரப்பில் பஃபலோ புல்லைப் பதித்தோம். மழைக்குப் பேர்போன மலையோரம்; தண்ணீருக்கு என்ன குறைவு என்று எண்ணினேன்.

அடுத்த ஆண்டே அந்த எண்ணம் பொய்யாயிற்று. 2016-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வடகிழக்கு மழையோ பாதிக்கும் மேலாகக் குறைந்தது. அக்டோபர் மாத இறுதியில் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எங்கள் பக்கத்துப் பேப்பாறை அணையின் தண்ணீர்தான் அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரம் நகரத்தாரின் வீடுகளுக்குப் போகிறது. 2017 மே மாதத்தில் அந்த அணையின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துபோக, நெய்யாற்றுத் தண்ணீரை இறைத்து அருவிக்கரைக்கு அனுப்பவேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு சாயங்கால வேளையில் நடந்தது இது. வழக்கம்போல் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் குழாயால் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வேலி ஓரத்தில் பக்கத்து வீட்டு வயதான தாயார் இரண்டு குடங்களோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் நின்றாரோ தெரியாது. அவர்கள் கிணறு வற்றிப்போய் நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

"புல்லுக்கு ஊற்றி முடியட்டும் பாஸ்டரே, பிறகு நான் இரண்டு குடம் எடுத்துக்கொள்ளுகிறேன்" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதுவே என்னை அதிகமாய்க் குத்தியது. மோட்டாரை நிறுத்திவிட்டு, குடங்களை நானே நிரப்பி அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அன்று இரவு உறக்கம் வரவில்லை. எழுந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். கடுங்கோடையில் பசுமை மாறாதிருக்கப் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்ட் புல்தரை ஒரே நாளில் 200 லிட்டர் குடிக்கிறது; என் இரண்டு சென்ட் 400 லிட்டர் குடித்தது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறித்திருக்கும் அளவு 55 லிட்டர். ஏழு பேருக்குரிய தண்ணீரை நான் நாள்தோறும் என் முற்றத்தின் அழகுக்காக ஊற்றியிருக்கிறேன்!

மழை மிகுந்த ஊரில் இந்த நிலை ஏன்? லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். கேரளத்தின் சராசரியோ ஏறத்தாழ 3,000. ஆயினும் அங்கே அந்த மழை ஆண்டு முழுவதும் தூறலாய்ப் பரவிப் பெய்கிறது, வெயிலும் மென்மையானது. இங்கோ பெருமழை சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்து, சரிவான நிலத்தில் ஓடி மறைகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் கண் திறப்பதில்லை. வீட்டுப் புல்தரை என்னும் வழக்கம் அந்தக் குளிர்தேசத்தில் வளர்ந்தது. அதன் பசுமையை நம் கோடையில் எதிர்பார்த்தது என் அறியாமையே.

மறுநாள் முதல் புல்லுக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். இரண்டு வாரங்களில் முற்றம் பழுப்பாயிற்று. "வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ" என்று என் மனைவி சஞ்சலப்பட்டாள். எனக்கும் விசனமே. ஆனால் ஜூன் மழை இறங்கினபோது ஒரு காரியத்தைக் கண்டேன். காசு கொடுத்து வாங்கின பஃபலோ புல் வெயில்பட்ட இடமெங்கும் செத்துப்போயிருந்தது. பலாமரத்து நிழலில் மாத்திரம் தப்பியது. வேலியோரமாய்த் தானாக வளர்ந்திருந்த அருகம்புல்லோ, இங்குள்ளவர்கள் 'கருக' என்பார்களே, அது சில வாரங்களில் மறுபடியும் பச்சையாய் எழும்பிற்று!

காரணம் இதுதான். பஃபலோ புல் மண்ணின்மேல் படரும் தண்டுகளையே நம்பி வாழ்கிறது. அருகம்புல்லுக்கோ மண்ணுக்குள்ளும் தண்டுகள் உண்டு. வேரும் ஆழமாய்ப் போகும். வறட்சியில் அது மேலே காய்ந்து, கீழே உயிரைக் காத்துக்கொண்டு உறங்குகிறது. பழுப்பெல்லாம் மரணமல்ல. "அருகுபோல் வேரூன்றி" என்று நம் முன்னோர் வாழ்த்தினது வீணல்ல.

இப்போது எங்கள் முற்றத்தில் வெயில்படும் ஒரு சென்டில் மாத்திரம் அருகம்புல் இருக்கிறது. நிழலில் அது தழைக்காது; ஆகவே பலாமரத்தடியைச் சருகுக்கு விட்டுவிட்டோம். புல்லை ஒட்ட வெட்டுவதில்லை. கோடையில் இரண்டு அங்குல உயரம் நிற்கவிடுகிறோம். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிப்பதில்லை. வெட்டின துணுக்குகள் அங்கேயே கிடந்து மண்ணை மூடிக் காக்கின்றன. கிணற்றில் தாராளமாய் நீர் இருக்கும் மாதங்களில் மழை தவறினால், வாரம் ஒருமுறை அதிகாலையில் அரையடி ஆழம் நனையும்படி விடுகிறோம். தினந்தோறும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட புல் முதல் வெயிலுக்கே சாயும்.

கூரைத் தண்ணீரை மணலும் சரளையும் நிரப்பின தொட்டி வழியாய்க் கிணற்றுக்குத் திருப்பினோம். திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் 'மழைப்பொலிமா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

2019-ஆம் ஆண்டு சென்னைக்குத் தண்ணீர் தந்த நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 50 வேகன்களில் வந்தது 25 லட்சம் லிட்டர். அவ்வளவும் 125 ஏக்கர் புல்வெளிக்கு ஒருநாள் தாகம் தீர்க்கவே போதும்.

ஊரில் வீடு கட்டி, முற்றத்தில் புல் பதிக்க ஆசைப்படும் சகோதரனே, சகோதரியே, ஆசை தவறல்ல. ஆனால் கடைக்குப் போய்ப் புல்லைத் தெரிந்துகொள்ளுமுன், மார்ச் மாதத்தில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் விசாரியுங்கள்.

அந்தத் தாயார் இப்போது இல்லை. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் முற்றம் பழுப்பாகும்போது, வேலியோரத்தில் அவர் நின்ற இடத்தைப் பார்த்துக்கொள்ளுகிறேன்.