டார்வென் நகரத்து அரைநாள் பிள்ளைகள்

சீமைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் லண்டன் பாலத்தையும், பக்கிங்ஹாம் அரண்மனையையும், ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டையும் பற்றி எழுதுவது வழக்கம். நேயர்களுக்கு அவையெல்லாம் படித்துப் படித்து அலுத்துப் போயிருக்கும். ஆகையால், யாத்திரிகர் அதிகமாக எட்டிப் பாராத ஓர் ஊருக்கு அவர்களை அழைத்துச் செல்ல உத்தேசித்திருக்கிறோம். அதன் பெயர் டார்வென். இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் ஜில்லாவில், மலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சிறு நகரம். நம் முன்னோர் உடுத்த சீமைத் துணியை நெய்தனுப்பிய ஊர்களில் அதுவும் ஒன்று.

நாம் இருபது வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். நாம் வேலை பார்ப்பது சேலத்துக்கு அடுத்த ஒரு சிற்றூர்; தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். வகுப்பில் லங்காஷயர் என்ற பெயர் வந்துவிட்டால் நமது குரல் தானாகவே சற்று உயர்ந்துவிடும். நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்த ஊர்கள் அவை என்று சொல்லுவோம். அது பொய்யன்று. ஆயினும் அந்த ஊர்களிலும் குழந்தைகள் இருந்தார்கள், அவர்களும் எப்படியோ வளர்ந்தார்கள் என்பதை நாம் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. மான்செஸ்டரில் வைத்தியராக இருக்கும் நமது பழைய மாணவர் ஒருவர் வற்புறுத்தி அழைத்திருந்தார். அவருடைய வீட்டிலிருந்து ஒரு நாள் ரயிலேறி, போல்டன் வழியாக வடக்கே பிரயாணம் செய்தோம். ஜன்னலுக்கு வெளியே ஓயாத பூந்தூறல். இந்தத் தூறல்தான் லங்காஷயரின் செல்வத்துக்கு ஒரு காரணமாக இருந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். வறண்ட காற்றில் பஞ்சு நூல் படபடவென்று அறுந்துபோகும். ஈரக் காற்றில் அறாமல் ஓடும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், பூமிக்கடியில் கிடைத்த நிலக்கரியும் சேர்ந்துகொள்ளவே, கம்பளியும் ஆடுமாக இருந்த மலைநாடு பஞ்சாலை நாடாக மாறிவிட்டது.

ஒரு மைலுக்கு மேல் நீண்ட மலைச் சுரங்கத்தைக் கடந்ததும் டார்வென் தென்பட்டது. ஊருக்குமுன் நம் கண்ணில் பட்டது ஒரு புகைபோக்கி. சாதாரணப் புகைபோக்கியன்று, இத்தாலி தேசத்து மாதாகோயில் மணிக்கூண்டைப் போல் வேலைப்பாடுகளுடன் 303 அடி உயரம் எழுப்பியிருக்கிறார்கள். 1867-ஆம் வருஷம் கட்டி முடித்தது. அது எந்த ஆலைக்கு உரியதென்று விசாரித்தபோது, "இண்டியா மில்" என்று பதில் வந்தது. நம் தேசத்தின் பெயரை அந்நிய ஊரின் உச்சியில் கண்டால் மகிழ்ச்சி அடைவது இயற்கை. அங்கே நமக்கு உண்டானது மகிழ்ச்சிதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இப்போது அந்த ஆலையில் பஞ்சு ஓடுவதில்லை.

இந்த ஊரின் பழங்கதையைக் கேட்டால் நம் ஊர்க் கதையைக் கேட்பது போலவே இருக்கிறது. ஆலைகள் வருவதற்கு முன் இங்கேயும் வீட்டுக்கு வீடு கைத்தறிதான். புருஷன் தறியில் உட்கார, மனைவி நூற்க, குழந்தைகள் பஞ்சைச் சுத்தம் செய்து கொடுக்கக் குடும்பம் நடந்தது. நீராவித் தறி வந்ததும் கைத்தறிக்காரரின் கூலி வருஷத்துக்கு வருஷம் சரிந்தது. 1826-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பட்டினி பொறுக்க மாட்டாமல், அக்ரிங்டன், பிளாக்பர்ன், டார்வென் முதலிய ஊர்களில் ஜனங்கள் திரண்டு ஆலைகளுக்குள் புகுந்தார்கள். சில தினங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட யந்திரத் தறிகளை உடைத்தெறிந்தார்கள். சாட்டர்டன் என்னும் கிராமத்தில் பட்டாளத்தார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஆகவே, யந்திரத் தறி முதலில் வீழ்த்தியது லங்காஷயர் நெசவாளியைத்தான். நம் நெசவாளி அதற்கு அடுத்தபடியாக நின்றவன். இதை நம் பாடப் புத்தகத்தில் நாம் பார்த்ததில்லை.

தோற்ற நெசவாளியின் பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஆலைக்குத்தான் போனார்கள். 1844-ஆம் வருஷத்துச் சட்டம் எட்டு வயதுக் குழந்தையும் தினம் ஆறரை மணி நேரம் வேலை செய்யலாம், மீதி நேரம் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று விதித்தது. நாளடைவில் அந்த வயது பத்தாகி, பதினொன்றாகி, கடைசியில் பன்னிரண்டாகியது. இவர்களை "அரைநாள் பிள்ளைகள்" என்று அழைத்தார்கள். ஒரு வாரம் காலையில் ஆலை, மாலையில் பள்ளி. மறு வாரம் காலையில் பள்ளி, மாலையில் ஆலை. ஓடுகிற யந்திரத்துக்கு நடுவே புகுந்து அறுந்த இழையைப் பிணைப்பது இவர்கள் வேலை. ஓல்டாம் நகரில் பத்தாவது வயதில் இப்படி இழை பிணைத்த ஜே. ஆர். கிளைன்ஸ் என்ற சிறுவர், 1929-இல் பிரிட்டனின் உள்நாட்டு மந்திரியானார். அதே பக்கத்தில் பத்து வயதில் ஆலைக்குப் போன ஆனி கென்னி என்ற சிறுமி, யந்திரத்தில் ஒரு விரலைப் பறிகொடுத்தாள். பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றாள். இவர்கள் இருவரும் தங்கள் சரித்திரத்தை எழுதி வைத்தார்கள். எழுதி வைக்காதவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி டார்வெனில் நமக்குச் சொன்னவர் எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டி. மழைக்காக ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியபோது பழக்கமானவர். நாம் பள்ளி ஆசிரியர் என்று தெரிந்ததும் நாற்காலியை நம் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவரும் பதினைந்தாவது வயதில் தறிக் கூடத்துக்குப் போனவர்தாம். விடியுமுன் நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்பிக்கொண்டு போகும் ஆள், கல் பாவிய தெருவில் நூற்றுக்கணக்கான மரக்கட்டைச் செருப்புகள் எழுப்பும் ஓசை, தறிகளின் பேரிரைச்சலில் குரல் கேளாததால் உதட்டசைவாலேயே ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்க்கும் பெண்கள், வருஷத்தில் ஒரு வாரம் ஆலைகளை மூடிவிட்டு ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும் திருவிழா - இவற்றையெல்லாம் அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சில வார்த்தைகளைச் சத்தமில்லாமல் உதட்டாலேயே சொல்லிக் காட்டினார். பழக்கம் இன்னும் போகவில்லை.

பிறகு தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாட்டி பதினோராவது வயதில் அரைநாள் பிள்ளையாகப் போனவள். காலை ஆறு மணிக்கு ஆலை, மத்தியானம் பள்ளி. பள்ளியில் உட்கார்ந்தவுடனே மேஜைமேல் தலை சாய்ந்துவிடும். அந்த வகுப்பு ஆசிரியை நல்லவள். "பாவம், தூங்கட்டும்" என்று எழுப்பாமல் விட்டுவிடுவாள். இரண்டு வருஷம் அப்படியே கழிந்தது. பாட்டி அச்செழுத்தை மெள்ளக் கூட்டிப் படிப்பாள். கையெழுத்தைப் படிக்க வராது. முதல் உலக யுத்தத்தில் அவளுடைய புருஷன் பிரான்சிலிருந்து கடிதம் எழுதினான். ஒவ்வொரு கடிதத்தையும் அண்டை வீட்டுக்காரிதான் படித்துச் சொன்னாள்.

"புருஷன் மனைவிக்கு எழுதியதை முதலில் படித்தவள் பக்கத்து வீட்டுக்காரி! பாட்டிக்குக் கடைசி வரையில் அது ஆறவே இல்லை. அந்த ஆசிரியைமேல் அவளுக்குக் கோபம் கிடையாது. ஆனால், 'என்னை எழுப்பியிருக்கலாம்' என்று மட்டும் சொல்லுவாள்" என்றார் மூதாட்டி.

நாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டோம். நமக்கு வேறொரு பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. பதினைந்து வருஷங்களுக்கு முன் நமது வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தினம் முதல் மணியிலேயே தூங்கி விழுவான். நாம் அவனைப் பெஞ்சியின்மேல் ஏற்றி நிறுத்தினோம். சோம்பேறி என்று பெயர் வைத்தோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இரவெல்லாம் அவன் தகப்பனுக்குத் தார் சுற்றிக் கொடுத்தான் என்பது, அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது. அந்த ஆசிரியை எழுப்பவில்லை, நாம் எழுப்பினோம். இரண்டு குழந்தைகளும் படிக்காமலே போனார்கள்.

அரைநாள் வழக்கம் எப்படி ஒழிந்தது என்பதையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளிகள் மட்டுமா அதை ஆதரித்தார்கள்? 1909-இல் பஞ்சாலைத் தொழிலாளர்களிடமே வாக்கெடுத்தபோது, குழந்தைகளின் வயது வரம்பை உயர்த்தக் கூடாதென்று பெரும்பாலோர் சொன்னார்கள். அந்தச் சில்லறைக் கூலி இல்லாவிட்டால் குடும்பம் நடவாது என்ற பயந்தான் காரணம். கடைசியில் 1918-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1921 முதல் அரைநாள் பிள்ளை என்பதே இல்லாமற் போயிற்று.

டார்வெனுக்கும் நமக்கும் உள்ள உறவு துணியோடு நிற்கவில்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் பட்டினி கிடந்தபோது, நம் நாட்டுப் பஞ்சு அங்கே போயிற்று. "சூரத்" என்று அதற்குப் பெயர். இழை குட்டையானதால் அடிக்கடி அறுந்தது, கூலி குறைந்தது. மட்டமான சரக்கு எதுவானாலும் "சூரத்" என்று வையும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டாயிற்று. 1913-இல் பிரிட்டனிலிருந்து வெளியேறிய பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அதில் 300 கோடி கஜத்துக்கு மேல் இந்தியாவுக்கு வந்தது. பிறகு நம் நாட்டு ஆலைகளும், ஜப்பானியப் போட்டியும், உலக வியாபார மந்தமும், சுதேசி இயக்கமும் சேர்ந்து அந்த ஓட்டத்தை மடக்கின. ஊர் ஊராக ஆலைகள் மூடின.

அந்தச் சமயத்தில்தான், 1931 செப்டம்பர் மாதக் கடைசியில், வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்திருந்த மகாத்மா காந்தி டார்வெனுக்குச் சென்று ஸ்பிரிங்வேல் என்ற பகுதியில் தங்கினார். எந்தத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்னாரோ, அந்தத் துணியை நெய்தவர்களின் வாசலுக்கே போய் நின்றார். வேலையிழந்தவர்களின் குறைகளைக் கேட்டார். உங்கள் கஷ்டம் தெரிகிறது, ஆனால் எங்கள் நாட்டுப் பட்டினி இதைவிடப் பெரிது என்று மறைக்காமல் சொன்னார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கை தூக்கி ஆரவாரம் செய்யும் புகைப்படம் உலகப் பிரசித்தம். மூதாட்டியின் தாயாரும் அன்று தெருவில் நின்றாராம். "எவ்வளவு சிறிய மனிதர்! நம்மைப் போலவே அவருக்கும் குளிருகிறது" என்று வீட்டில் வந்து சொன்னாராம்.

1958-இல் பிரிட்டன் தான் ஏற்றுமதி செய்ததைவிட அதிகமான பருத்தித் துணியை இறக்குமதி செய்யலாயிற்று. மிஞ்சிய ஆலைகளில் இரவு வேலைக்குக் குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆலைகளும் மூடிவிட்டன. வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பக்கத்து ஊரான பிளாக்பர்னில் லங்காஷயர்க் கொச்சையில் பேசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மாலையில் மழை விட்டதும் ஊருக்கு மேற்கேயுள்ள மேட்டில் ஏறினோம். அங்கே 1898-இல் கட்டிய ஒரு கோபுரம் நிற்கிறது. விக்டோரியா மகாராணியின் வைர விழா ஞாபகார்த்தம் என்று பெயர். ஊரார் அதில் வேறொரு வெற்றியையும் கொண்டாடுகிறார்கள். வேட்டைப் பறவைகளுக்காக நிலச்சுவான்தார் அந்த மேட்டுப் பாதைகளை அடைத்துவிட்டிருந்தார். ஊர் ஜனங்கள் விடாமல் போராடி, 1896-இல் தங்கள் மலையில் நடக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆலைப் புகைக்கு மேலே ஏறிவந்து மூச்சு விடும் உரிமை அது. அங்கிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் கல் வீடுகளும், நடுவில் அந்த ஒற்றைப் புகைபோக்கியும் தெரிகின்றன. அதிலிருந்து புகை வரவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனைத் தேடினோம். குடும்பம் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டதாகவும், எங்கே என்று தெரியாதென்றும் சொன்னார்கள்.

பள்ளி திறந்தது. லங்காஷயர்ப் பாடமும் வந்தது. நம் நெசவாளர்கள் பட்ட பாட்டை வழக்கம் போலவே சொன்னோம். அதில் ஒன்றும் குறைக்கவில்லை. அதன் பிறகு மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிய டார்வென் சிறுமியின் கதையையும் சொன்னோம். கடைசி வரிசையில் ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் அவளை அருகில் அழைத்து, "இரவில் எத்தனை மணிக்கம்மா படுத்தாய்?" என்று கேட்டோம். அவள் பதில் சொன்னாள். அன்று மாலை அவளுடைய வீட்டுக்குப் போனோம்.