சும்மாதான் நடக்கிறோம்

தஞ்சைத் தரையில் மலை கிடையாது. வல்லம் பக்கம் கொஞ்சம் செம்மண் மேடு உண்டு. மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை வயல்தான். நாங்கள் நிமிர்ந்து பார்த்து வளர்ந்த ஒரே உயரம் பெரிய கோவில் விமானம், 216 அடி. அதன் நிழலில் நிற்பதற்கே எங்கள் மக்களுக்கு 1939 வரை ஆனது. மலையைப் பார்க்க வேண்டும் என்றால் திருச்சிப் பக்கம் பஸ் ஏற வேண்டும்.

இரண்டு வருடங்களாக ஏறிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் மூன்று பேர், சமூகப் பணியில் இருப்பவர்கள். கூடவே மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், சில நேரம் பாட்டிகள். ஒரு பயணத்துக்குப் பதினைந்து பேர், அதிகம் போனால் இருபது. வேன் பிடிப்பதில்லை, அரசு பஸ் மட்டும். இறங்கிய இடத்திலிருந்து நடை. ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலைப்படி என்று எங்கே பொதுவழி இருக்கிறதோ அங்கே.

"மயானப் பாதை பிரச்சினை தீரல, பட்டா பிரச்சினை தீரல, நீங்க சுற்றுலா கூட்டிட்டுப் போறீங்களா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மயானப் பாதையும் நடப்பது பற்றிய பிரச்சினைதான். 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். இறந்துபோன தலித் முதியவரின் உடலைப் பொதுத்தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. போலீஸ் உடலைக் கைப்பற்றி வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்று 1924-லேயே சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார், அரசாணையும் வந்தது. 92 வருடம் கழித்து ஒரு பிணத்தால் அந்தத் தெருவைத் தாண்ட முடியவில்லை.

டெல்டாவில் யார் எங்கே நடக்கலாம் என்பது எழுதி வைக்காத சட்டம். சமூகவியல் படித்தபோது ஆந்த்ரே பெத்தேயின் புத்தகம் எங்களுக்குப் பாடம். 1961-62-ல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர். அந்த ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்தார். அக்கிரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். டெல்லியிலிருந்து வந்த பேராசிரியருக்கே தெருவைக் கடப்பது அவ்வளவு சிக்கல். வகுப்பில் இதை ஆய்வு முறையியல் பிரச்சினையாக நடத்தினார்கள். எங்களுக்கு அது வீட்டுப் பிரச்சினை. குடியானத் தெருவில் கையில் அரிவாளோ தலையில் கட்டோ இல்லாமல் நம் பெண் ஒருத்தி நடந்தால் "எங்க போற?" என்ற கேள்வி வரும். வேலைக்குப் போகிறேன் என்பது பதில். வேலை முடிந்து வருகிறேன் என்பதும் பதில். "சும்மா" என்பது பதிலே இல்லை, திமிர்.

இந்த மண்ணில் பார்க்க ஆசைப்பட்டதற்காகவே பெயர் வாங்கியவர் நந்தன். தில்லையைப் பார்க்க "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனார். பெரிய புராணத்தில் அவரை நிறுத்தியது குலம். பிறப்பை நினைத்து அவரே தள்ளிப்போடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதியபோது ஒரு பண்ணையாரும் வந்து சேர்ந்துவிட்டார். அறுவடையை முடித்துவிட்டுப் போ என்கிறார். பாரதி மயிலாடுதுறை பக்கத்துக்காரர், பண்ணையை நேரில் பார்த்தவர், அதனால் கதைக்கு எது குறை என்று தெரிந்திருக்கிறது. கடைசியில் நந்தனைத் தீயில் இறக்கிய கதை நமக்கு ஏற்புடையதல்ல. ஆனால் லீவு கேட்டு நின்ற அந்த ஆளை எங்கள் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பயணத்துக்கு லீவு மட்டும் போதாது, காசும் வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது எங்கள் நடை சாத்தியமானது. 'ஓசி டிக்கெட்' என்று கேலி பேசியவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். அந்த ஓசியில்தான் எங்கள் சித்திமார் சிலர் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் அல்லாத ஓர் இடத்துக்கு முதன்முதலாகப் போனார்கள். அரசு பஸ்ஸும் சாதி பார்க்காமல் ஓடியதில்லை. எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஒருகாலத்தில் 'சோழன்' என்று எழுதியிருக்கும். 1997-ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் ஆனது. அரசு எல்லாக் கழகங்களிலும் பெயரை எடுத்துவிட்டது. சோழனும் போனார். இன்றைக்கும் பல ஊர்களில் பஸ் ஊருக்குள் நிற்கும். காலனிக்கு அங்கிருந்து நடக்க வேண்டும். ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்து சீட்டில் யார் என்று தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. வேன் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இதுவும் காரணம்.

முதலில் கல்லணைதான் போனோம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கோவிலடி வழியாகப் போகும் சாலை காவிரிக் கரையை ஒட்டியே போகிறது. வழியில் இறங்கிக் கரையில் நடந்தோம். தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் இடத்தைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எந்தக் கதவில் புறப்படுகிறது என்று தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல.

அடுத்தது வீராணம். கும்பகோணம், அணைக்கரை, காட்டுமன்னார்கோவில் என்று பஸ் மாறிப் போக வேண்டும். லால்பேட்டையிலிருந்து ஏரிக்கரை மேலேயே சாலை. ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கரையில் நாங்கள் நடந்தது ஐந்துதான். காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாளின் ஊர். இந்தியா முழுக்கத் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று 1969-ல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அவர். அதைக் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னோம். மகாத்தையும் சொன்னோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். "இவ்வளவு தூரமா நடந்தாங்க?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். அவனுக்குக் கால் வலி.

மலை என்றால் கொல்லிமலை. தஞ்சாவூரில் விடியற்காலை பஸ், திருச்சியில் இறங்கி டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து செம்மேடு. டவுன் பஸ்ஸைத் தவிர இது எதுவும் பெண்களுக்கு இலவசமில்லை. மாதம் ஐம்பது ஐம்பதாகச் சேர்த்த பணம். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவு. பாதிப்பேர் வாந்தி. எலுமிச்சம்பழம் கை மாறிக்கொண்டே இருந்தது. முப்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் பேச்சே இல்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம்.

இரவு தங்கி, மறுநாள் காலை அறப்பளீஸ்வரர் கோவில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படிகள். மாசி மாதம் என்பதால் நீர் மெலிந்துதான் விழுந்தது. அருவிக்குக் கீழே ஓடுவது ஐயாறு, அது திருச்சி மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது என்று சொன்னோம். எங்களோடு வந்ததில் மூத்தவர், அறுபதைத் தாண்டிய ஒரு சித்தி, பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டபடி கேட்டார்:

"அப்ப இது நம்ம ஊருக்கு வர்ற தண்ணியா?"

"கொஞ்சம் வரும் சித்தி."

"வரட்டும். நாம முன்னாடியே வந்து பாத்துட்டோம்."

திரும்பி ஏறும்போது அவர்தான் எங்களுக்கு முன்னால். நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நடவு நட்ட கால். நாங்கள் படிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்க, "படிச்ச புள்ளைங்களுக்கு என்னாச்சு" என்று மேலேயிருந்து சிரிப்பு.

செம்மேட்டில் மிளகும் பலாப்பழமும் விற்ற ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் "எந்த ஊரு?" என்று கேட்டார். தஞ்சாவூர் என்றோம். எங்கள் பெண்கள் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. எங்கள் பக்கம் ஊரைச் சொன்னதும் "எந்தத் தெரு?" என்று வரும். அங்கே வரவில்லை. "நெல்லு விளைஞ்சுச்சா?" என்றார். மலையில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு நாள் வந்துபோகிறவர்கள் அப்படிச் சொல்வது மலையில் வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அவர்கள் நிலம், அவர்கள் காடு பற்றி எங்களுக்குத் தெரிந்தது சொற்பம். அந்த அம்மாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2018-ல் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு காட்டுப் பாதைகளுக்கு அனுமதி கட்டாயம் என்பதில் எங்களுக்கு முரண்பாடு இல்லை. 2024-ல் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது. நல்ல விஷயம். ஆனால் அதன் கட்டணம் ஒரு நாள் நடவுக் கூலியைத் தாண்டுகிறது. வழிகாட்டியும் காப்பீடும் வேண்டும் என்றால் செலவு ஆகத்தான் செய்யும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் மாதம் ஒரு நாளாவது கட்டணம் இல்லாமல் விடலாம். பெண்களை டிக்கெட் இல்லாமல் ஏற்றிய அரசுக்கு இது புதிதல்ல.

நாங்கள் திரும்பியபோது உளுந்து பிடுங்கும் வேலை தொடங்கியிருந்தது. "மலை ஏறப் போன மகராசிங்களுக்கு உளுந்து எதுக்கு?" என்று வழக்கமாகக் கூப்பிடும் ஒரு நிலக்காரர் ஐந்து பெண்களைக் கூப்பிடாமல் விட்டார். நான்கு நாள் கூலி போனது. இதைத் தெரிந்துதான் எழுதுகிறோம். கூலி இழந்தது நாங்கள் அல்ல, அவர்கள். இனி போக வேண்டுமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வகுப்புக் கொட்டகையில் கூடிப் பேசினோம். ஒருவர் வேண்டாம் என்றார். அவருக்குக் கடன் இருக்கிறது. மூவர் பதில் சொல்லவில்லை. அந்தச் சித்தி மட்டும், "கூப்புடலன்னா போறான். அஞ்சாம் நாளு ஆளு கெடைக்காம அவனேதான வந்து நின்னான்" என்றார். அது உண்மை. வந்து நின்றார்.

அதன்பிறகு நடந்தது நாங்கள் எதிர்பாராதது. பக்கத்துக் காலனியிலிருந்து பெண்கள் வந்து பெயர் கொடுத்தார்கள், பதினான்கு பேர். குறுவை நடவு முடிந்து களையெடுப்புக்கு முன்னால் ஒரு வாரம் கிடைக்கும். அப்போது ஏற்காடு போகலாம் என்று பேச்சு. வேண்டாம் என்றவரும் அந்தக் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். போகும்போது, சேலம் வரைக்கும் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்.