விரல் மாற்றம்

அம்மா களையெடுத்த கூலியிலதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு பீஸ் கட்டினேன். லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். 'பழகின விரலை ஏன் மாத்தணும்?' என்று தோழர்கள் கேட்டாங்க.

தட்டச்சுப் பொறியில் முதலில் கொம்பு, பிறகு ககரம், அப்போதுதான் 'கெ'. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99இல் க, பிறகு எ. உயிரெழுத்துகள் இடக்கையில், அதிகம் வரும் மெய்கள் வலக்கையில். ங, க அடிச்சா புள்ளி தானா விழுந்து 'ங்க' வந்துரும்.

பேசுற வரிசையிலேயே எழுத்து விழுவதால் சேரிப் பிள்ளைகளுக்கு பீஸ் இல்லாமலே சொல்லித் தர முடிகிறது. ஊருக்குள் 'வாடா' என்றே அழைக்கப்பட்ட தாத்தாவின் வாக்குமூலத்தைப் பேத்தியே அடிக்கிறாள்: 'தாத்தா சொன்னாங்க.' அந்த 'ங்க'வை இனி எவரும் திருத்த முடியாது.